ஒரு குழாய் எச்சில்

செவ்வாய்க்கிழமை
கடை மேசையிலிருந்து

அன்புள்ள பொடிசுக்கு,

உன் ஐஸ் அண்ணன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, உன் மருமகள், என் இடது முழங்கால் ஆகிய நால்வரும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் இன்னும் முகம் காட்டாத அந்த மூன்றாவது ஆளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். வாந்தி குறைந்ததா? இப்போதெல்லாம் மாப்பிள்ளைதான் சமையல் என்று எழுதியிருந்தாய். வாந்திக்குக் காரணம் கர்ப்பம்தானா என்று எதற்கும் டாக்டரிடம் இன்னொரு முறை கேட்டுக்கொள்.

இனிமேல் நமக்கு இல்லை என்று நீயே முடிவு கட்டிவிட்ட பிறகு வந்த செய்தி. கடிதத்தின் முதல் வரியைப் படித்ததும் உன் அண்ணி கடையிலேயே கத்திவிட்டாள். சட்டம் போடக் கொடுத்த படத்தை வாங்க வந்திருந்த அம்மா பயந்துபோய், கண்ணாடி கையைக் கிழித்துவிட்டதா என்று கேட்டார். என் நாத்தனார் அம்மாவாகப் போகிறாள் என்று இவள் சொன்னதும், முன்பின் தெரியாத அந்த அம்மாவும் கூடவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரிடம் கூலியைக் கொஞ்சம் குறைத்து வாங்கினோம்.

கடை நன்றாக ஓடுகிறது. என்னைப் போல இரத்தம் உறையாத வியாதிக்காரன் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருப்பதைப் பார்த்துப் புது ஆட்கள் இன்னும் திகைக்கிறார்கள். கண்ணாடி அவள் பக்கம், அட்டையும் பேச்சும் என் பக்கம் என்று நாங்கள் போட்டுக்கொண்ட எல்லை இன்றுவரை அப்படியே இருக்கிறது. போன வாரம் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் தன் படத்தையும் மனைவியின் படத்தையும் கொண்டுவந்தார். தன்னுடையதற்கு அகலமான சட்டம், மனைவிக்கு மெல்லியது. உன் அண்ணி கண்ணாடியை அளந்துகொண்டே, "அம்மா பாத்து சரின்னுட்டாங்களா சார்?" என்று ஒரு கேள்விதான் கேட்டாள். மறுநாள் அந்த அம்மாவே நேரில் வந்துவிட்டார். இப்போது இரண்டும் ஒரே அகலம்.

சரி, சுற்றி வளைக்காமல் நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தினமும் ஃபோனில் பேசுகிறவள் இந்தச் செய்தியையும் இந்தக் கேள்வியையும் மட்டும் கடிதத்தில் எழுதினாய். காரணம் புரிகிறது. நானும் கடிதத்திலேயே பதில் சொல்கிறேன். ஃபோனில் உன் குரலைக் கேட்டால் ஏதாவது ஜோக் அடித்து நழுவிவிடுவேன்.

உன் டாக்டர் சொன்னதைக் கணக்கு டீச்சருக்கே உரிய முறையில் படிப்படியாக எழுதியிருந்தாய். இந்த இரத்தக் கசிவு வியாதி அம்மா வழியாக எனக்கு வந்தது. உனக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வந்திருந்தால் நீ அதைச் சுமப்பாயே தவிர, என்னைப் போலப் படமாட்டாய். ஆனால் உனக்குப் பிறப்பது பையன் என்றால் அவன் படலாம். பிறக்கும் முன்பே அதைத் தெரிந்துகொள்ள ஒரு பரிசோதனை இருக்கிறது. அதற்கு முதலில் என் மரபணுவில் கோளாறு எங்கே என்று பார்த்தாக வேண்டும். தடித்த புத்தகம் ஒன்றில் அச்சுப்பிழை எந்தப் பக்கத்தில் என்று என் பிரதியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டால், உன் பிரதியிலும் குழந்தையின் பிரதியிலும் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டினால் போதும் என்றாராம். நல்ல விளக்கம்தான். என்னைப் பிழையான பிரதி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

படித்ததும் கோபம் வந்தது. மறைப்பானேன்? என்னைப் போல இன்னொருவன் வந்துவிடக் கூடாதென்று பார்க்கிறாள், அதற்கு என்னையே வந்து அடையாளம் காட்டச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அன்று ஒரு கல்யாணப் படத்தைச் சுற்றி ஓரமாக வைக்கும் அட்டையை வெட்டினேன். அதில் மணமகனின் பாதித் தலை அட்டைக்குப் பின்னால் போய்விட்டது. உன் அண்ணி பார்த்துவிட்டு, "இன்னைக்குப் பேசறதோட நிறுத்திக்கோங்க, கத்தியைத் தொடாதீங்க" என்று வாங்கி வைத்துவிட்டாள்.

பிறகு அவளே உன் கடிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தாள். "உங்கள வேண்டாம்னு அவ எங்க எழுதியிருக்கா? பயமா இருக்குன்னுதான எழுதியிருக்கா" என்றாள். திரும்பப் படித்தேன். ஆமாம், கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாய். எனக்குக் கசிவு வரும்போதெல்லாம் ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள் நீ. எனக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். வலியை நான் உள்ளே இருந்து பார்த்தேன், நீ வெளியே நின்று பார்த்தாய். வெளியே நின்று பார்ப்பது சில நேரம் அதைவிட மோசம். உனக்குப் பயப்பட எல்லா உரிமையும் உண்டு.

ஆகவே பரிசோதனைக்குக் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நீ நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. மற்றதை அப்புறம் பார்ப்போம்.

கோபமெல்லாம் தீர்ந்துபோன,
ஐஸ் அண்ணன்

*

சனிக்கிழமை
வீட்டிலிருந்து

அன்புள்ள பொடிசுக்கு,

அண்ணனின் ஆசிகள். போன காரியம் முடிந்தது. ஆனால் நடந்த கூத்தைக் கேள்.

என்னிடம் யாராவது எதையாவது கேட்டால் அது இரத்தமாகத்தான் இருக்கும் என்று பிறந்ததிலிருந்து பழகிவிட்டோம். அதனால் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் நாங்களே முடிவு செய்து, ஊசி குத்தினால் கசியக் கூடாதென்று காலையிலேயே உறைய வைக்கும் மருந்தை ஏற்றிக்கொண்டேன். உன் அண்ணி ஐஸ் பை, பஞ்சு, இறுக்கிக் கட்டும் துணி எல்லாம் எடுத்துக்கொண்டாள். கடைக்கு விடுமுறை. தெம்பாக இருக்கட்டும் என்று வழியில் பன் வாங்கிக் கொடுத்தாள். போருக்குப் போகிற மாதிரி போய் இறங்கினோம். அங்கிருந்த பெண் எங்கள் மூட்டையைப் பார்த்துவிட்டு, ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயை நீட்டி, "எச்சில் துப்புனா போதும் சார்" என்றாள்.

ஒரு வாரமாக என் இரத்தம், நம் இரத்தம் என்று நெஞ்சை அடைக்கிற யோசனையெல்லாம் யோசித்திருந்தேன். எல்லாம் ஒரு வாய் எச்சிலில் முடிந்தது. அதுவும் சுலபமாக முடியவில்லை. பன் தின்றதால் அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். அதன் பிறகு துப்பப் போனால் வாய் வறண்டுவிட்டது. பேசியே பிழைப்பு நடத்துகிறவனுக்கு ஒரு சொட்டு ஊறவில்லை. உன் அண்ணி எலுமிச்சம்பழம் நறுக்குகிற மாதிரி என் முன்னால் கையால் நடித்துக் காட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் ஊறியது, எனக்குத்தான் ஊறவில்லை. ஒருவழியாகக் கோடு வரை நிரப்பிக் கொடுத்தேன்.

இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் அதற்கப்புறம் ஒன்று நடந்தது.

ஆலோசகர் என்று ஒரு இளம் டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். நான் சொல்வதை உன் டாக்டருக்கு அனுப்புவாராம். எத்தனை முறை கசிவு வரும், மாடி ஏற முடியுமா, வேலைக்கு எவ்வளவு நாள் போகாமல் இருக்க நேரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் நல்ல பதிலாகவே சொன்னேன். மாடியா? ஓடியே ஏறுவேன். வலியா? எப்போதாவது. விடுமுறையா? கடை பூட்டியதே கிடையாது. சொல்லிக்கொண்டே போகும்போது என் குரல் எனக்கே வித்தியாசமாகப் பட்டது. சட்டத்துக்குள் பூச்சி அரித்திருந்தாலும், நல்ல மரம் சார் என்று விற்கிற வியாபாரியின் குரல்.

உன் அண்ணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "இவர் சொல்றதெல்லாம் கஸ்டமர்கிட்ட சொல்ற பதில் டாக்டர். நான் சொல்றேன், எழுதிக்கோங்க" என்று ஆரம்பித்தாள். மழைக்காலத்தில் முழங்கால் பலாப்பழம் மாதிரி வீங்குவது, பல்லைப் பிடுங்கப் போய் ஆஸ்பத்திரியிலேயே தங்கியது, வலது முழங்கை இனி முழுதாக நீளாது என்பது, கால் வீங்கினால் நான் யாரோடும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கடைசியில், "ஆனா இவர் இல்லாத நாள்ல கடையில ஒரு மணி நேரம் உக்கார முடியாது எனக்கு. அவ்வளவு போரடிக்கும். அதையும் எழுதிக்கோங்க" என்றாள். ஆலோசகர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லையாம்.

பஸ்ஸில் வரும்போது அவள்மேல் கோபமாக இருந்தேன். நம் பக்கம் பேசவேண்டியவள் எதிர்ப்பக்கம் சாட்சி சொல்லிவிட்டாளே என்றிருந்தது. இறங்கி நடக்கும்போது அவள்தான் ஆரம்பித்தாள். "நீங்க நல்லா வாழறீங்கன்னு யார்கிட்ட நிரூபிக்கணும்? பொடிசுக்குத் தெரியாதா, எனக்குத் தெரியாதா?" என்றாள்.

உண்மை என்னவென்றால், அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது என் வாழ்க்கைக்கு யாரோ மார்க் போடப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான் குறைவாக வாங்கினால் உன் வயிற்றில் இருக்கும் குழந்தை ஃபெயில் என்று ஒரு பயம். கணக்கு டீச்சரின் அண்ணனுக்கு வேறெப்படித் தோன்றும்? அவர்கள் அப்படி எதுவும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. நானாகப் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தேன்.

உன் டாக்டருக்கு வரும் தாளில் இரண்டு பேர் சொன்னதும் இருக்கும். இரண்டும் உண்மை. அதில் அவளுடையது கொஞ்சம் கூடுதல் உண்மை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இரத்தம் சிந்தாமல் திரும்பிய,
ஐஸ் அண்ணன்

*

ஞாயிற்றுக்கிழமை
வீட்டிலிருந்து

அன்புத் தங்கைக்கு,

இந்த முறை பொடிசு என்று ஆரம்பிக்க மனம் வரவில்லை. நீ கேட்டிருப்பது பெரிய விஷயம்.

மூன்று வாரம் காத்திருந்து, உனக்கும் அந்தக் கோளாறு இருக்கிறது என்று முடிவு வந்ததையும், இந்த வியாதிக்காகப் பார்த்ததில் பையன் என்று தெரிந்ததையும் ஒரே மூச்சில் எழுதியிருந்தாய். இரண்டாவதற்கு வாழ்த்து. முதலாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அம்மா எனக்குத்தான் எல்லாவற்றையும் கொடுத்தாள் என்று இத்தனை வருடம் சண்டை போட்டாயே, இனிமேல் அந்த வழக்கு செல்லாது. அழுகையாக இருந்தால் அழு, ஆனால் அம்மாவைத் திட்டிவிடாதே. தனக்கு இது இருப்பது நான் நடக்கத் தொடங்கி, விழுந்து, வீங்கின பிறகுதான் அவளுக்கே தெரியும்.

அடுத்த பரிசோதனையில் வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குடத் தண்ணீர் எடுப்பார்கள், குழந்தைக்கு இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று எழுதியிருக்கிறாய். செய்துகொள்வதா, வேண்டாமா? இருக்கிறது என்று வந்தால் பெற்றுக்கொள்வதா, நிறுத்திவிடுவதா? மாப்பிள்ளை, உன் இஷ்டம் என்கிறாராம். மரியாதையாகத்தான் சொல்கிறார். ஆனால் இந்த மாதிரி நேரத்தில் இஷ்டத்தை ஒருவர் தலையில் மட்டும் வைப்பது பெரிய பாரம். அவரும் உட்கார்ந்து பயப்படட்டும். நான் சொன்னதாகவே சொல். கடைசியில், "நீயா இருந்தா என்ன பண்ணுவ, அதை மட்டும் சொல்லு அண்ணா" என்று முடித்திருக்கிறாய்.

தேர்தலில் நிற்கிறவனிடமே உன் ஓட்டு யாருக்கு என்று கேட்கிறாய். என் ஓட்டு உனக்குத் தெரியாதா? அதனால் என் ஓட்டை எண்ணிக்கையில் சேர்க்காதே. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

தெரிந்துகொள்வது வேறு, தீர்மானிப்பது வேறு. பெற்றுக்கொள்வது என்றே முடிவு செய்தாலும், முன்கூட்டித் தெரிந்திருந்தால் பிரசவத்தின்போது குழந்தையின் தலையில் கருவி வைத்து இழுக்காமல் கவனமாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று என் டாக்டர் சொல்கிறார். அந்த ஊசியிலும் கொஞ்சம் ஆபத்து உண்டாம், அதையும் கேட்டுக்கொள். இன்னொன்று, நான் பட்ட அளவுக்கு இன்றைய குழந்தைகள் படுவதில்லை. தோலுக்கடியில் போடும் புது ஊசி வந்திருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வாண்டு அதைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் பந்து விளையாடுகிறது. இதை நான் வக்காலத்தாகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் வக்காலத்துதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அண்ணி எழுதிவிடுவாள். முழங்காலுக்குள் கசியும்போது வருகிற வலிக்குப் பழக்கம் என்பதே கிடையாது. ஒவ்வொரு தடவையும் அது புதிதாகத்தான் வரும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மைதானத்தில் இருக்கும்போது நான் பைகளுக்குக் காவல் இருந்திருக்கிறேன். ஏன் பிறந்தேன் என்று அம்மாவிடம் கத்தியும் இருக்கிறேன். நீ அப்போது மிகவும் சிறியவள்.

வளர்ந்த பிறகு ஒரு நாள் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே கேட்டேன். நான் இப்படி என்று முன்னாடியே தெரிந்திருந்தால் பெற்றிருப்பாயா என்று. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "உன்னைப் பாத்ததுக்கு அப்புறம் கேட்டா நான் என்னத்தடா சொல்றது?" என்றாள். அன்றைக்கு அது மழுப்பல் என்று நினைத்தேன். உன் கடிதம் வந்த பிறகுதான் அவள் எவ்வளவு நேர்மையாகச் சொன்னாள் என்று புரிகிறது. என்னைப் பார்த்தவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. நீ அவனை இன்னும் பார்க்கவில்லை. ஆகவே உன் முன்னால் இருக்கும் கேள்வி வேறு. அதற்கு நீ எந்தப் பதில் சொன்னாலும் அது என்னைப் பற்றிய பதில் ஆகாது. என்னை உனக்குப் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அதற்குச் சான்றாக உனக்கு ஒரு குழந்தை பிறந்தாக வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன்.

இதை நான் இவ்வளவு யோசித்து எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நேற்றுக் கடையைப் பூட்டும் நேரத்தில் உன் மருமகள் தரையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டே கேட்டாள். "எனக்கு டெஸ்ட்கூட வேண்டாம்லப்பா? உங்க பொண்ணா பொறந்தா கண்டிப்பா இருக்கும்ல?" ஆமாம் என்றேன். இந்த வியாதி உள்ள அப்பாவுக்குப் பிறந்த எல்லாப் பெண்களும் இதைச் சுமக்கத்தான் செய்வார்கள். அவளுக்கு இது முன்பே தெரியும், சொல்லித்தான் வளர்த்தோம். முறத்தைக் கொட்டிவிட்டு வந்து, "அத்தைக்கு எழுதறப்போ எனக்கும் சேத்து எழுதிடுங்க. அப்புறம் என் முறை வர்றப்போ இன்னொரு தடவ தனியா உக்காந்து எழுதிக் கஷ்டப்பட வேணாம்" என்றாள். கல்லூரிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து இப்படித்தான், நம்மைக் குழந்தை மாதிரி நடத்துகிறாள்.

ஆகவே உங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எந்த முடிவானாலும் அது உன் முடிவு, அதற்கு நான் துணை. பெற்றுக்கொள்கிறாய் என்றால், அவனுக்குக் கசிவு வருகிற முதல் நாளில் நான் அங்கே இருப்பேன். அவனுக்குத் தெரியவேண்டிய எல்லாத் தந்திரமும் என்னிடம் இருக்கிறது, பைகளுக்குக் காவல் இருந்துகொண்டே மற்றவர்களின் தின்பண்டத்தைக் காலி செய்வது உட்பட. வேண்டாம் என்று முடிவு செய்கிறாய் என்றால், அதற்காக என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்படாதே. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருக்கும். வழக்கம்போல ஃபோன் செய். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேள். நான் ஏதாவது ஜோக் அடிப்பேன், நீ சிரிக்க வேண்டாம், லைனில் இருந்தால் போதும்.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். உன் மருமகள் படித்துவிட்டு அவளே தபாலில் போடுவாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் மனது நன்றாக இருக்க வேண்டும். மற்ற எதையும் நான் வேண்டிக்கொள்ளவில்லை.

என்றும் உன் பக்கம் நிற்கும்,
அண்ணன்

அத்தை, படித்துவிட்டேன். அப்பா எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் "எந்த முடிவானாலும்" என்று தொடங்கும் பத்தியை எழுதுவதற்குள் நிறையத் தாள் கிழித்தார். எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கள். என்ன முடிவு எடுத்தாலும் அப்பாவிடம் சொல்வதற்கு முன்னால் என்னிடம் சொல்லிவிடுங்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்ட பிறகு ஃபோன் செய்யுங்கள். அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்பார். அதனால்தான் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.